லாரி போனதால் மறுபடி வைத்த ஒப்பாரி

முருகன் துணை

புலாவ் செபாங்

அன்பு மகள் ராகினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறோம், அந்தக் குளிரில் உன்னையும் மாரியாத்தா அப்படியே வைத்திருக்கட்டும். முட்டிவலி பரவாயில்லை. உன் அண்ணன் சேகரனுக்கு இப்போது தஞ்சோங் கிளிங் ஓட்டலில் டிரைவர் வேலை. அவன் மகள் ஷாந்தினிக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரித்தால் எங்கம்மா குஞ்சம்மாவேதான். சுசீலா அத்தை மகன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள், தாலி இழந்தவள் எதற்கு என்று நான் போகவில்லை.

நீ போனில் சொன்னதை யோசித்தேன். உலக சினிமா படிக்கிற உங்கள் வகுப்பில் டைரக்டர் தனபாலன் படத்தைப் போட்டார்களாம், ஒப்பாரி வைக்கிற பெண் நான்தான் என்று நீ கண்டுபிடித்தாயாம், இதைவிட உண்மையான அழுகை எந்த நாட்டுப் படத்திலும் இல்லை என்று புரொபசர் சொன்னாராம். அடுத்த மாதம் அவன் அங்கே வருகிறான், மேடையில் நீ அவனைப் பற்றிப் பேசணும், நான் ரெண்டு வார்த்தை வாழ்த்தி வீடியோ அனுப்பணும் என்றாய். வாழ்த்து வராது. நடந்ததைக் கேள்.

பாட்டி செத்த அன்று உன்னை அத்தை வீட்டில் விட்டிருந்தோம். டுரியான் துங்கால் தோட்டத்தை விற்று எங்களை லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்ன நேரம் அது. கேமராவோடு வந்த தனபாலனை டிவி நியூஸ்காரன் என்று நினைத்துக்கொண்டோம். எடுக்கட்டும் லா, நம்ம கஷ்டத்தை ஊர் பார்த்தாத்தான் பதிலுக்கு வீடு கிடைக்கும் என்றார் கோயில் தலைவர் வீரமுத்து. அவனும் இல்லை என்று சொல்லவில்லை. பிணம் போய், வீடு கழுவி, விளக்கும் ஏற்றியாச்சு. அதற்கப்புறம் வந்து, செம்பனைக் குலை ஏற்றின லாரி போன சத்தம் நடுவில் விழுந்துவிட்டது, இன்னொரு தரம் பாடுங்கம்மா என்றான். பக்கத்து வீட்டு வேலாயி அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். விளக்கேத்தின வீட்டுல என்னடி ஒப்பாரி, இன்னொரு சாவைக் கூப்பிடுறியா என்று கத்தினாள். நான் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதலில் அழுதது எங்கம்மாவுக்கு. ரெண்டாவது அழுதது வீட்டுக்கு. படத்தில் இருப்பது அந்த ரெண்டாவதுதான். புரொபசர் சொன்னது தப்பில்லை, அழுகை உண்மைதான், எதற்கு என்பது அவருக்குத் தெரியாது.

வீடும் வரவில்லை, அவனும் திரும்பி வரவில்லை. படத்துக்கு எங்கேயோ பரிசு என்று பேப்பரில் வந்தபோதுதான் அது சினிமா என்றே தெரிந்தது. மறு வருஷம் உங்கப்பா போனார். வேலாயி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையையும் அவன் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

நீ அவனைத் திட்ட வேண்டாம், உன் படிப்பைப் பார். நல்ல படம் என்றால் நல்ல படம் என்றே சொல். பிறகு எல்லார் முன்னாலும் அந்த லாரியைப் பற்றிக் கேள், பதிலை எனக்கு எழுது. படத்தின் கடைசியில் ஓடுகிற பேர்களில் டீ கொடுத்தவன் பேர்கூட இருக்கிறது, எனக்கு மட்டும் துக்கவீட்டுப் பெண் என்று போட்டிருக்கிறது என்றாயே, படத்தைப் பற்றி நீ எழுதும் கட்டுரையில் என்னை அப்படி எழுதாதே.

காதை மூடாமல் வெளியே போகாதே. நல்லா இரு, நீ நினைத்தது நடக்கட்டும். நான் போகிற அன்று வந்து சேர்ந்தால் ஒரு தடவை அழு. விளக்கேற்றின பிறகு யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே.

இப்படிக்கு,
குஞ்சம்மா மகள் திலகவதி
(இப்படியே எழுது)