ஆள்காட்டிக்காக வளைந்த மதில்

மதினி,

விடிந்ததிலிருந்து மொட்டைமாடியில் ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே இருக்கிறது. உலையை வைத்துவிட்டு ஓடுகிறேன், இறங்குகிறேன், மறுபடி ஏறுகிறேன். மாடியறை கட்டக் கொட்டிவைத்த செங்கல் ஜல்லிக்குள் முட்டையிட்டிருக்கிறது. தரையில் முட்டையிடும் பறவை அது. தூத்துக்குடியில் அதற்குத் தரை இல்லாமல் போயிற்று என்றால் உங்களுக்குப் பொறுக்குமா?

உலகச் சண்டை தொடங்கிய வருடம் இந்த மனையை வாங்கியபோது சுற்றிலும் உப்பளம்தான். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டக் கயிறு பிடித்த இடத்தில் இதே போல முட்டைகள். கத்தல் தாங்காமல் நான் காதைப் பொத்திக்கொண்டேன். "ஏளா, கேக்காமக் கொள்ளாம அவ வீட்டுக்குள்ள நுழைஞ்சா திட்டாம கொஞ்சுவாளா?" என்று சிரித்தீர்கள். நல்ல நாள் தவறக்கூடாது என்று கொத்தனார் முரண்டு பிடித்தார். "நாளத் தள்ள வேண்டாம், கயித்தத் தள்ளும்" என்று நீங்களே முளைக்குச்சியைப் பிடுங்கி அப்பால் அடித்தீர்கள். வீட்டில் என்னை அதட்டுகிற உங்கள் தம்பி உங்கள் முன்னால் வாயைத் திறப்பாரா? கிழக்கு மதில் அப்படித்தான் வளைந்தது.

ஆனால் சித்தாள்கள் சிந்திய சோற்றுக்கு வந்த காக்கைகள் முட்டைகளைக் கொத்திவிட்டன. அன்று நீங்கள் சாப்பிடவே இல்லை. "மதில வளச்சேனே, காக்காய நெனைக்கலியே" என்று இரவெல்லாம் புலம்பினீர்கள்.

அதைச் சொல்லித்தான் உங்கள் தம்பி இப்போது என்னிடம் மல்லுக்கு நிற்கிறார். "அக்கா வளச்சு என்னத்தக் கண்டா? பெர்மிட்டுக்கு நாயா அலைஞ்சு வாங்குன சிமெண்டு, ஏளா. இந்தக் கடக்காத்துக்கு மூட்டையோட கல்லாப் போயிரும்." அவர் சொல்வதும் பொய்யில்லை. அவர் ஒவ்வொரு மூட்டையாக அமுக்கிப் பார்க்கும்போது நானும் கூடப் போய் அமுக்கிப் பார்க்கிறேன். ஆனால் உப்பளம் இருந்த இடமெல்லாம் இப்போது வீடும் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியும்தான். இந்த மாடியை விட்டால் அது எங்கே போகும், சொல்லுங்கள்?

கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். குஞ்சு இறங்கி ஓடுகிற வரைக்கும் கட்டுமானம் கிடையாது. காக்கை வருமென்று இந்த வருடம் மாடியில் வத்தலும் போடவில்லை. அதற்கும் உங்கள் தம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறார்.

மாடிப்படியின் உச்சியில், கையில் துணி போடுகிற கொடிக்கம்போடு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை இருக்கிறது. அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஆள்காட்டி காக்கையையும் திட்டுகிறது, என்னையும் திட்டுகிறது.

திட்டட்டும் மதினி. இந்தத் தடவை நான் காக்கையை நினைத்துவிட்டேன்.