நாலும் ஏழும் சந்திக்கும் இடம்

பதுளை
2001 ஓகஸ்ட் 19

அன்பு மகன் துஷாந்துக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சி சக்தியும் ஒரே கூரையின் கீழ் உயிரோடு இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் காய்ச்சல் தடிமன் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கும்பிடுகிறேன். உறையில் கட்டார் நாட்டு முத்திரையைப் பார்த்துப் பயந்துவிடாதே, நான் எங்கும் போகவில்லை. வேன்காரர் பலீல் நானாவின் தங்கச்சி ஜெனீரா வீட்டு வேலைக்கு அங்கே போகிறாள். அவள் கையில் கொடுத்து அங்கிருந்து போடச் சொல்லியிருக்கிறேன். இங்கே தபாலில் போட எனக்குத் துணிவு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், ஆறுதலாக உட்கார்ந்து வாசி. யாருடைய உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ சித்திரையில் அனுப்பிய கசெட் வந்த அன்று நடந்ததை உனக்கு எழுதாமல் விட்டேன். அண்ணனும் கூட்டாளிகளும் சேர்ந்து வாசித்தது என்று சக்தி சொன்னதும் அப்பா தொழிற்சாலை உடுப்போடேயே ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். போட்டால், கூரைத் தகரத்தில் ஆலங்கட்டி மழை விழுந்த மாதிரி ஒரு சத்தம், அதற்கு மேலே ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான். நாடா சிக்கிவிட்டது என்று நினைத்து அப்பா திறந்து பார்த்தார். பிறகு, தம்பிக்கு அங்கிட்டு யாரு கூடயாவது சண்டையா என்று என்னைக் கேட்டார். பகலெல்லாம் மர ஆலையில் வேலை செய்துவிட்டு இந்த மேளத்தையா போய் அடிக்கிறான், இவன் மனதில் என்ன நோவு என்று நினைத்தேன். தங்கச்சி மட்டும் விடவில்லை. உன் பழைய வோக்மனில் போட்டுக் கேட்டுக்கொண்டே திரிந்தாள். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டு, அதுல அப்படி என்னதான்டி இருக்கு என்று கேட்டேன். "கத்துறத விட்டுருங்கம்மா, அண்ணன் அடிக்கிறத மட்டும் கேளுங்க. மேல வெண்கலத் தட்டுல நாலு நாலா போகுது, கீழ கால்ல அடிக்கிற பெரிய மேளம் ஏழு ஏழா போகுது. ரெண்டும் விலகி விலகிப் போயி, தொலஞ்சே போச்சுன்னு நெனைக்கிற எடத்துல வந்து ஒன்னா விழும்" என்றாள். இடது கையால் நாலும் வலது கையால் ஏழும் பலகையில் தட்டிக்கூடக் காட்டினாள். எனக்கு விளங்கவில்லை. உன் அண்ணன் மாதிரி உனக்கும் பைத்தியம் முத்திடுச்சு என்று ஏசிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

போன மாதம் புலிகள் கட்டுநாயக்காவில் விமான நிலையத்தை அடித்த செய்தி அங்கேயும் வந்திருக்கும். அதற்குப் பிறகு இங்கே சோதனை அதிகம். பஸ்ஸை நிறுத்துகிறார்கள், இறக்குகிறார்கள், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்க்கிறார்கள். தமிழ்ப் பெயர் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கிறார்கள். இப்படியிருக்கும்போதுதான் போன வாரம் சக்தி டியூசனுக்குப் பதுளை டவுனுக்குப் போன பஸ்ஸில், காதில் வோக்மன் வயரைச் செருகிக்கொண்டு, முன் சீட்டுக் கம்பியில் விரலால் தட்டி, வாய்க்குள் ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டு போயிருக்கிறாள். அந்த நேரம் பஸ் ஆமி முகாமைத் தாண்டியிருக்கிறது. இவள் முகாமைப் பார்த்து ஆட்களை எண்ணுகிறாள் என்று பின்னால் இருந்த ஒரு பெண், அடுத்த சோதனைச் சாவடியில் ஏறிய ஆமிக்காரரிடம் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அவருடைய பிள்ளை யாராவது ஆமியில் சேர்ந்து வடக்கில் சண்டைக்குப் போயிருக்கலாம். வயரைக் கண்டதும் வெடிகுண்டோ என்று ஆமிக்காரர் பஸ் முழுவதையும் இறக்கிவிட்டு, இவளைத் தனியாக நிறுத்தி, பிறகு பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

எனக்குச் செய்தி வந்தபோது ஆஸ்பத்திரியில் பிரசவ வேலையில் இருந்தேன். கையுறையைக் கழற்றினேனா இல்லையா என்பதுகூட நினைவில்லை. அப்பாவுக்குச் சொன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார் என்று, சிங்களம் நன்றாகப் பேசுகிற பலீல் நானாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க, போன வருடம் பிடித்துக்கொண்டு போய் இன்னும் திரும்பி வராத பக்கத்து வீட்டுப் பெரியாயி மகனின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. சக்தி ஒரு நீள வாங்குப் பலகையில் குந்தியிருந்தாள். என்னைக் கண்டதும் அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பொறுப்பதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மேசைக் கண்ணாடிக்குக் கீழே அவருடைய பிள்ளைகளின் படம் இருந்தது. யார் இந்தக் கத்துகிறவன், யார்மேல் இவ்வளவு கோபம், எண்ணியது எதற்கு என்று கேட்டார். கத்துவது ஒரு வெள்ளைக்காரன், தாளம் போடுவது என் அண்ணன், எண்ணியது அந்தத் தாளத்தின் நாலையும் ஏழையும் என்று சக்தி சொன்னாள். நானா அதைச் சிங்களத்தில் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. இந்தச் சத்தத்துக்குத் தாளம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஒரு ரேடியோவைக் கொண்டுவரச் சொல்லிக் கசெட்டைப் போட்டார்.

அறை நிறைய உன் சத்தம். வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் காதைப் பொத்தினான். நீ சொல்கிற நாலையும் ஏழையும் அடித்துக் காட்டு என்றார் அதிகாரி. வீட்டில் தூக்கத்திலும் தட்டுகிற பிள்ளை, அங்கே தொடங்கிய உடனேயே தடுமாறினாள். மறுபடி தொடங்கினாள், மறுபடி விட்டுப்போனது. அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஏதோ சொன்னார். நானா அதைத் தமிழில் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு விளங்கியது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன் மகன். சாமி கும்பிடத்தான் மூடினேன், ஆனால் காதுக்குள் நீதான் வந்தாய். பிரசவத்துக்கு வருகிற பெண்ணின் வயிற்றில் மரக்குழலை வைத்துக் காது கொடுக்கும்போது, மற்றக் கையால் தாயின் நாடியைப் பிடித்துக்கொள்வேன். இல்லாவிட்டால் எது தாயுடையது, எது பிள்ளையுடையது என்று குழம்பிப்போகும். தாயின் நாடி தன் நடையில் நடக்கும், பிள்ளையின் இதயம் அதைச் சட்டை பண்ணாமல் தன்பாட்டில் ஓடும். இரண்டும் ஒரே உடம்புக்குள்தான். அப்படித்தான் அன்றைக்கு உன்னுடையதும் எனக்குப் பிடிபட்டது. கத்தலுக்கும் கிட்டார்க் கம்பிகளின் உறுமலுக்கும் நடுவே நிதானமாக ஒரு நாலு போய்க்கொண்டிருந்தது. அது ஓரிடத்திலும் அவசரப்படவில்லை. அதற்குக் கீழே உன் கால் இடறி, விழப்பார்த்து, விழாமல் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளும் நான் இடறலை மட்டும் கேட்டுப் பயந்திருக்கிறேன். நான் எழும்பிப் போய், யாரையும் கேட்காமல், மேசையில் அந்த நாலைத் தட்டத் தொடங்கினேன். நாலு என்கிட்ட இருக்கட்டும் புள்ள, நீ ஏழ மட்டும் பாரு என்று சக்தியிடம் சொன்னேன். அவள் என் விரலைப் பார்த்தாள். பிறகு தன் விரலை வைத்தாள். இரண்டு பேரும் விலகிக்கொண்டே போனோம். ஓரிடத்தில் என் அடிக்கு நடுவே அவள் அடி விழுந்தபோது, போச்சு, விட்டுவிட்டோம் என்றே நினைத்தேன். விடவில்லை. அவளுடைய ஏழு நாலு தடவை முடிய, என்னுடைய நாலு ஏழு தடவை முடிய, ரேடியோவில் உன் அடியும் மேசையில் எங்கள் அடியும் ஒன்றாக விழுந்தன. பயம் தீரவில்லை மகன், ஆனால் அந்த ஓர் அடியில் அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. அதிகாரி ஏதோ சொன்னார். இன்னொருக்கா அடிக்கட்டுமாம் என்றார் நானா. அடித்தோம். மறுபடியும் அதே இடத்தில் விழுந்தது. கொன்ஸ்டபிள் காதில் இருந்து கையை எடுத்திருந்தான்.

பொழுது சாய்வதற்குள் விட்டுவிட்டார்கள். கசெட்டையும் வோக்மனையும் வைத்துக்கொண்டார்கள். உன் முழுப் பெயரையும் ஸ்வீடன் விலாசத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் போதும் என்ற அவசரத்தில் நானும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் அப்பா நீ முன்பு அனுப்பிய மற்றக் கசெட்டுகளை எடுத்து, அந்தப் பேய்ப் படம் போட்ட அட்டைகளோடு அடுப்பில் போட்டார். நான் தடுக்கவில்லை. சக்தி இப்போது பஸ்ஸில் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாளாம்.

இனி எழுதப்போவது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. போன வியாழக்கிழமை அப்பா வேலையிலும் தங்கச்சி பள்ளிக்கூடத்திலும் இருந்த நேரம், சாதாரண உடுப்பில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல தமிழில் பேசினார்கள். மகன் அங்கே யாருக்குக் காசு சேர்த்துக் கொடுக்கிறான் என்று கேட்டார்கள். அவன் மரம் அறுக்கிறான், மற்ற நேரம் தாளம் போடுகிறான் என்று சொன்னேன். தீபாவளிக்கு வருகிறானாமே, எந்த நாள், எந்த விமானம் என்று கேட்டார்கள். நீ வருவது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் ஒரு பிரசவம் பார்த்தேன். குழலை வைத்ததும் கொஞ்ச நேரம் எனக்குப் பிள்ளையின் சத்தம் கேட்கவே இல்லை. பிறகுதான் கேட்டது. ஆண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம்.

அதனால் நீ வராதே மகன். டிக்கட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடு. இங்கே நிலைமை மாறினால் நானே வா என்று எழுதுவேன். அது வரைக்கும் யார் கூப்பிட்டாலும், அப்பாவுக்குச் சுகமில்லை என்று தந்தி வந்தாலும், என் கையெழுத்து இல்லாமல் கிளம்பாதே. கசெட்டும் அனுப்ப வேண்டாம். ஆனால் அடிப்பதை விட்டுவிடாதே, உன் கூட்டாளிகளிடம் அம்மா கேட்டதாகச் சொல். அப்பாவிடம் நான் எதையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர் நேரே பொலிசுக்குப் போய் நியாயம் கேட்பார், அவர் குணம் உனக்குத் தெரியும். உனக்காக முன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கிவிட்டார். நீயாகவே எழுதுகிற மாதிரி அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது: லீவு தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், எனக்கும் வர மனமில்லை, வந்து போகிற காசுக்கு இங்கே ஒரு புது மேளம் வாங்கப்போகிறேன் என்று. கொஞ்சம் திமிராகவே எழுது. அவர் ஏசுவார், பெற்றவர்களை மறந்தவன் என்பார், நானும் கூட இருந்து ஆமாங்க என்று தலையாட்டுவேன். நீ அதை மனதில் எடுக்காதே.

கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே, மர ஆலையில் கையைக் கவனமாகப் பார்த்துக்கொள், வாசித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் எரித்துவிடு. கதிர்காமத்து முருகன் உன் தலைமாட்டிலேயே நிற்கட்டும். நீண்ட ஆயுளோடு இரு ராசா.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
மா. இராக்கம்மா