பச்சையாகவே இருந்த உன் பெயர்

இன்று மேசை இழுப்பறையைத் திறந்தபோது உன் கண் சொட்டு மருந்து பாட்டில் உருண்டு வந்தது. பாதிகூடத் தீரவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. உன்மேல், என்மேல், இந்த ஆபீஸ்மேல்.

காலையிலிருந்து மாலைவரை யாரோ நிரப்பிய காப்பீட்டுப் படிவங்களைத் திரையில் சரிபார்க்கும் பிழைப்பு நமக்கு. மணிக்கொருமுறை ஐந்து நிமிஷம் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள் என்று சுவரில் போஸ்டர் ஒட்டியதும் இவர்கள்தான். மூன்று நிமிஷம் மவுஸ் அசையாவிட்டால் மேலாளரின் திரையில் நம் பெயர் பச்சையிலிருந்து சிவப்பாக மாறும்படி வைத்ததும் இவர்கள்தான். வெட்கம் கெட்டவர்கள்.

அதற்கு வழி கண்டுபிடித்தவள் நீ. "நீ கண்ண மூடிக்கோடி, உன் மவுஸ நான் பாத்துக்கறேன்" என்பாய். வங்காளத்தில், இந்தப் பவானிபூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண் நீ. உனக்குத் திட்டுவதற்குத்தான் வங்காளம், கொஞ்சுவதற்குத் தமிழ். ஒருத்தி கண்ணை மூடினால் மற்றவள் இரண்டு மவுஸையும் அசைப்பாள். மேலாளரை ஏமாற்றிவிட்டோம் என்று எவ்வளவு சிரித்திருக்கிறோம்!

துர்கா பூஜைக்கு முன்பிருந்தே தலைவலி என்றாய். திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்தேன். எழுத்து மங்குகிறது என்றாய். எழுத்தைப் பெரிதாக்கினேன், இந்த மருந்தையும் வாங்கித் தந்தேன். ஒரு தடவை பிரஷர் பார்த்துவிடு என்றதற்கு, "கம்ப்யூட்டர் பாக்கற எல்லாருக்கும் வர்றதுதான், போடி" என்றாய். அப்படி என்ன அலட்சியம் உனக்கு? நானும்தான் சரி என்று விட்டேன். தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா?

அன்று மதியம் சாப்பிட்டு வந்து கண்ணை மூடினாய். பாவம், தூங்கட்டும் என்று நாற்பது நிமிஷம் உன் மவுஸை அசைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. டீ வந்ததும் தோளைத் தட்டினேன். நீ அப்படியே சரிந்தாய்.

மூளையில் ரத்தக்கசிவு என்றார் டாக்டர். எத்தனை மணிக்கு நினைவு தப்பியது என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். ஆபீஸ் பதிவில் அந்த நாற்பது நிமிஷமும் நீ வேலை பார்த்திருக்கிறாய், ஒரு சிவப்புகூட இல்லை. சிவந்திருந்தால் அந்த மேலாளராவது திட்டுவதற்கு எழுந்து வந்திருப்பார்.

இப்போது உன் இடத்தில் ஒரு வங்காளிப் பெண். நம் தந்திரத்தை யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். தன் மவுஸையும் அசைக்கச் சொல்லிக் கேட்டாள். முடியாது என்றேன். நீ கண்ணை மூடு, பெயர் சிவந்தால் சிவக்கட்டும், வந்து கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன் என்றேன். அவள் மூடியதும் நிமிஷத்துக்கு ஒருமுறை தோளைத் தொடுகிறேன். "கீ ஹொலோ, தீதி?", என்ன ஆச்சு அக்கா என்று எரிச்சலோடு விழிக்கிறாள்.

விழித்தால் போதும் எனக்கு.