தூக்கிய புருவம்

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவும் நீங்களும் சுகமா? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பிரிஸ்பேனில் படிப்பும் ஓட்டல் வேலையும் ஓடுகின்றன. நானும் பின்னாலேயே ஓடுகிறேன்.

திங்களன்று சூப்பர்வைசர் கிளெனிஸ், "தட்டை உடைச்சது நீயா?" என்று கேட்டார். நம் சமோவா வழக்கப்படி புருவத்தை மட்டும் தூக்கி ஆமாம் என்று காட்டினேன்.

"உடைச்சதுமில்லாம திமிரா வேற பாக்குறியா? வேலை வேணுமா, வேணாமா?"

"நான்தாங்க உடைச்சேன். எங்க ஊர்ல இப்படித்தான் ஆமான்னு சொல்லுவோம்."

"இனிமே வாயத் திறந்து சொல்லு!"

வேலை தப்பியது. வாய் திறக்கப் பழகுகிறேன்.

சித்தி வந்தால் வறுத்த கோகோவும் ஒரு பாயும் கொடுத்தனுப்புங்கள். மெத்தையில் புரண்டுகொண்டே இருக்கிறேன்.

பஸ் வந்துவிட்டது. ஞாயிறன்று போனில் "சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்டீர்களே, பதில் வரவில்லையென்று கவலைப்படாதீர்கள். புருவத்தைத்தான் தூக்கினேன், அம்மா.

உங்கள் மகள்
சினாலெய்