நாயெலிக்காக அழாதவள்

டுமாக்கோ

என்னவனுக்கு,

நம் சின்னவள் நாயெலியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து நாற்பது நாளாகிறது. தாமதமாகத்தான் எழுதுகிறேன். அன்றைக்கே உன் கப்பலுக்குத் தகவல் சொல்லிவிட்டதாகத் துறைமுகத்தில் சொன்னார்கள். நீ வராததற்குக் காரணம் இருக்கும். நான் கேட்கவில்லை.

இங்கே எல்லாம் ஊர் வழக்கப்படி நடந்தது; இறந்த குழந்தை சம்மனசாக, வானதூதராக, ஆகிவிட்டது என்று அழாமல் கொண்டாடுகிற வழக்கம். அவளுக்கு வெள்ளைச் சட்டை, காகிதப்பூக் கிரீடம், சுற்றிலும் முரசு, பாட்டு. பெண்கள் வட்டமாக நின்று அவளைக் கைமாற்றிக் கைமாற்றித் தாலாட்டினார்கள். என் கைக்கு வந்தபோது என் உதடு துடித்ததை அவளுடைய ஞானத்தாய் யூஃபெமியா பார்த்துவிட்டாள்.

"அடியே படிச்சவளே, அழுது தொலைக்காத! சம்மனசோட றெக்கை நனைஞ்சிடும். அப்புறம் புள்ள எப்படி மோட்சத்துக்குப் பறக்கும்?"

கல்லூரியில் உயிரியல் படித்தவள் நான், நம்பவில்லை. ஆனாலும் ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். கைதட்டிப் பாடவும் செய்தேன்.

அதன் பிறகு அழுகை வரவே இல்லை. நேற்று பெரியவள் கேட்கிறாள்: "ஏம்மா, பாப்பா செத்ததுல உனக்குச் சந்தோஷமா?"

சம்மனசுகள் எல்லாவற்றையும் பார்க்குமாம். அப்படியானால் நாயெலியும் நான் சிரித்ததைப் பார்த்திருப்பாள்.

மோட்சத்தை நினைத்து ஆறுதல் அடையச் சொல்கிறார் பங்குச் சாமியார். எனக்கு ஆறுதல் வேண்டாம். ஆனால் மோட்சம் இருந்தே ஆக வேண்டும். அவளை மடியில் இருத்தி, அன்றைக்கு ஏன் சிரித்தேன் என்று நான் சொல்லியாக வேண்டும்.

நீ ஏன் வரவில்லை என்பதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். அதை நீயே அவளிடம் சொல்லிக்கொள்.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளின் தாய்