சிவப்பில் எழுதிய பெயர்

மகனே,

சீன மருந்துக்கடை யுங் தப்பான வேரைக் கொடுத்து என்னை ஏமாற்றிவிட்டார் என்று கௌலூன் முழுக்கப் பேசுகிறார்களாம். நான் ஏமாறவில்லை. அவர் கொடுத்தது சரியான வேர். "இதை மட்டும் முதலில் ஒரு மணி நேரம் தனியாகக் கொதிக்கவிடவும், இல்லையென்றால் விஷம்" என்று சீட்டிலும் எழுதியிருந்தார்.

உன் அப்பாவின் தலைவலிக்குப் பதினோரு வருடம் அதைக் காய்ச்சினேன். ஒருநாளும் நேரம் தவறியதில்லை. அன்று அவர் வலி தாங்காமல் சுவரில் முட்டிக்கொண்டார்.

"கான்வென்ட் மகாராணி, மணி பாத்தது போதும்டி! நான் செத்தப்புறம் ஊத்தப்போறியா?"

இருபதாவது நிமிடத்தில் மற்ற மூலிகைகளைப் போட்டு, ஒரு கொதியில் இறக்கிவிட்டேன்.

குடித்துவிட்டுக் கசப்புக்கு உப்புப் பிளம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "நாக்கு மரத்துப்போச்சு. உங்க யுங் மருந்து வேலை செய்யுது, பாரு" என்று சிரித்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது பிளம் கொட்டை இன்னும் அவர் கன்னத்துக்குள் இருந்தது.

விசாரணையில், ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தேன் என்று சொன்னேன். யுங் சீட்டு எதுவும் தரவில்லை என்றும் சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். யுங்கின் கடையை மூடிவிட்டார்கள்.

சீட்டு என் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை அதை அதிகாரியிடம் கொடுத்துவிடுவேன்.

அப்பாவின் கல்லறையில், அவர் பெயருக்குப் பக்கத்தில், உயிரோடிருப்பவள் என்பதால் என் பெயரைச் சிவப்பில் எழுதிவைத்திருக்கிறாய். அதை விட்டுவைப்பாயா, செதுக்கி எடுத்துவிடுவாயா? போன் செய்யாதே. எழுதி அனுப்பு.

அம்மா