தேநீர் வரை கேட்டவர்கள்

நானா,

எங்கள் தமிழ் வாசகசாலையார் உங்கள் பேச்சில் பாதியைக் கேட்டுவிட்டு உங்களை வெளியேற்றினார்கள். மிச்சப் பாதியைக் கேட்க அவர்களுக்குப் பொறுமை இருக்கவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது, அந்தத் தீர்மானத்தை இன்றுவரை திரும்பப் பெறவில்லை. அது அநியாயம். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

இன்று காலை கிழக்கு இலண்டனில், செவன் கிங்ஸில் அரிசி வாங்கப் போன கடையில், காய்ந்து கறுத்த எலுமிச்சங்காய்களை ஒரு பெட்டியில் குவித்து வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து முகர்ந்தேன். பஸ்ராவில் எண்ணெய்க் குழாய் பொருத்திய காலத்தில் நீங்கள் குடித்துப் பழகி, இலண்டனுக்கும் கொண்டுவந்த அந்தத் தேநீரின் மணம். அப்படியே நின்றுவிட்டேன்.

"ஐயா, வாங்கிறியளோ, மணந்துகொண்டே நிக்கப்போறியளோ?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டும்" என்றேன்.

போன மாரிகாலத்தில் நீங்கள் கண்மூடியபின் நான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

நாங்கள் இருவரும் ஒரே பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தவர்கள். நீங்கள் மன்னாரில் பிறந்து, எந்த நாட்டில் இருந்தாலும் தொழுகை தவறாதவர்; உங்கள் ஊர் முஸ்லிம் வழக்கில் அண்ணனை அழைப்பதுபோல நான் உங்களை நானா என்றே கூப்பிட்டேன். நான் யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன். இங்குள்ள நூலகத்தில் இருந்து உலக அரசியல் படித்து, கடவுளையும் வாஷிங்டனையும் ஒரே மூச்சில் மறுத்தவன். வளைகுடாவில் எவராவது இருமினால் இங்கே பெற்றோல் விலை ஏறும். வாகனக்காரர் கண்ணாடிக்கு வெளியே நின்று எங்களைத் திட்டுவார்கள். நீங்கள் புன்னகை மாறாமல் என் பக்கம் சாய்வீர்கள்.

"தோழர், நாங்கள் ரெண்டுபேரும் எண்ணெய் மந்திரிமார் எண்டு இந்தாளுக்கு ஆரோ சொல்லிப்போட்டினம்."

முதல் சண்டை ஈரானைப் பற்றியது. எண்ணெயைத் தன் நாட்டுக்கே சொந்தமாக்கிய பிரதமரை இலண்டனும் வாஷிங்டனும் சேர்ந்து கவிழ்த்ததில் இருவருக்கும் ஒரே கோபம்தான். அதற்குப் பிறகு நடந்ததில்தான் பிரிந்தோம். மன்னரை விரட்டிய மக்களின் கையிலிருந்து மதகுருமார் நாட்டைப் பறித்தார்கள் என்றேன் நான். மக்கள் தாங்களாகவே அவர்களிடம் போனார்கள், பேசுவதற்குப் பள்ளிவாசலைத் தவிர வேறோர் இடத்தை மன்னர் விட்டுவைக்கவில்லை என்றீர்கள் நீங்கள். பேச்சு ஆப்கானிஸ்தானுக்குத் தாவியது. சோவியத் படை அங்கே நுழைந்ததை நான் நியாயப்படுத்தினேன். நீங்கள் எழுந்து போய், ஏற்கெனவே துடைத்திருந்த நிலத்தை மறுபடி துடைத்தீர்கள். ஒரு கிழமை இருவரும் பேசவில்லை.

பிறகு நீங்கள்தான் வந்தீர்கள், கையில் இரண்டு கோப்பை எலுமிச்சைத் தேநீரோடு.

"தோழர், என்ர நியாயத்தை உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ. பிழையில்லாமச் சொன்னியள் எண்டா, பிறகு வடிவாச் சண்டை பிடிப்பம்."

"என்னால ஏலாது."

"ஏலாதெண்டா உங்களுக்கு என்ர நியாயம் இன்னும் விளங்கேல்லை. விளங்காத ஒண்டோட ஏன் சண்டை?"

அப்படித்தான் எங்கள் வழக்கம் பிறந்தது. கார் ரயர்க் கடைக்கு மேலே, என்னைப்போல் கடவுளை மறுத்தவர்கள் நடத்திய வாசகசாலை அறையில், ஞாயிறு பின்னேரங்களில், தேநீருக்கு முன்னால் அவரவர் பக்கம், தேநீருக்குப் பின்னால் மற்றவர் பக்கம். முதலில் நாங்கள் இருவர் மட்டும். பிறகு கதிரை போதாமல் ஆட்கள் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். வடக்கு இலண்டன் எட்மண்டனில் இருந்துகூட இரண்டு பஸ் மாறி வந்தார்கள்.

எவ்வளவு நல்ல பின்னேரங்கள் அவை! தேநீருக்குப் பிறகு ஒருநாள் நான் மதகுருமாரின் பக்கம் பேசினேன். மன்னரின் தகப்பனாருடைய ஆட்சியில் பொலிசார் தெருவில் பெண்களின் முக்காட்டை இழுத்துக் கழற்றியதையும், கிராமத்தில் இருந்து நகரத்துக்கு வந்த ஏழைக்குப் பள்ளிவாசல் மட்டுமே கதவு திறந்ததையும் சொல்லிக்கொண்டு போகையில், என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. பிடிவாதம் விட்டுப்போய்விடுமோ என்று பயந்தேன். விடவில்லை. நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். "இன்னும் ரெண்டு கிழமை இப்பிடிப் பேசினியளெண்டா, தோழருக்கு ஒரு தொப்பி வாங்கோணும்!"

நீங்கள் என் பக்கம் பேசினால் நான் பேசுவதைவிட நன்றாக இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல். ஈராக்கும் ஈரானும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தபோது, ஒன்றுக்கொன்று பகையான வல்லரசுகள் இரண்டும் ஒரே பாக்தாத்துக்குக் கை கொடுத்ததைச் சொல்வீர்கள். கடவுள் இல்லை என்ற மொஸ்கோவும் கடவுளை நம்புவதாகச் சொன்ன வாஷிங்டனும் எண்ணெய் என்று வந்தால் ஒரே வாசலில் நின்றதை நடித்தே காட்டுவீர்கள். இரண்டு வல்லரசும் ஒரே கதவுக்குள் நுழைய இடிபடுவதை நீங்கள் தனியாளாக நடித்தபோது, ஒருவர் சிரித்துச் சிரித்துக் கதிரையோடு விழுந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஈராக் மீது படையெடுக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எல்லோருக்கும் பயம். வாசகசாலைச் செயலாளர் ஆரம்பத்திலேயே வந்தார். நீங்கள் உங்கள் பக்கம் பேசினீர்கள்: "மதச்சார்பில்லாத அரசாங்கம் எண்டு பலகை எழுதித் தொங்கவிட்டா, பாக்தாத்தில இருக்கிறவன்ர சிறை சிறையில்லாமப் போயிடுமோ? மார்க்கத்தை நம்பிற சனத்தையும் வாக்குப் போட விடுங்கோ." செயலாளர் தேநீரை அரைவாசி குடித்துவிட்டு, ஒரு பிறந்தநாள் விழாவுக்கென்று எழுந்து போனார். அவர் வெளியே போக, உங்களோடு தொழப் போகும் நண்பர் ஒருவர் உள்ளே வந்தார். அவர் கேட்டது மிச்சப் பாதி, நீங்கள் என் பக்கம் நின்று பேசியது: "மார்க்கத்தை அரசாங்கத்தின்ர கையில குடுக்காதேயுங்கோ. பிழையை அது செய்யும், பழியை மார்க்கம் சுமக்கும்."

ஒரே கிழமையில் இரண்டும் நடந்தன. வாசகசாலைக் குழு கூடி, நீங்கள் மதவாதம் பரப்புகிறீர்கள் என்று தீர்மானித்து உங்களைத் தடைசெய்தது. அந்த நண்பரோ, நீங்கள் மார்க்கத்தை விட்டுவிட்டீர்கள் என்று சலாம் சொல்வதை நிறுத்தினார். நீங்கள் எனக்குத் தொலைபேசி எடுத்துச் சிரித்த சிரிப்பு!

"தோழர், நான் பெரிய நாடாயிட்டன். மொஸ்கோவும் வாஷிங்டனும் ஒரே கிழமையில எனக்குத் தடை போட்டிருக்கு!"

நண்பரின் தடை பத்து நாள் தாங்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தார், முழுக் கதையையும் கேட்டார், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், புரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார். வாசகசாலையாரின் தடைதான் நின்றது. அறிவியக்கம் என்று பெயர் சொல்லிக்கொள்கிற எங்கள் ஆட்கள்! நான் குழுவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். செயலாளர் உங்களைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார்: "தேத்தண்ணிக்குப் பிறகு பேசினதுதான் உண்மை, முந்திப் பேசினது விளையாட்டு எண்டு சொல்லுங்கோ. முடிச்சிடுவம்."

நீங்கள் சொன்னதை நான் அருகில் நின்று கேட்டேன்.

"ரெண்டும் விளையாட்டில்லைத் தம்பி. முந்திப் பேசினது என்ர. பிந்திப் பேசினது இந்தத் தோழரின்ர. தோழரின்ர நியாயத்தையும் நான் உண்மையாத்தான் சொன்னனான்."

என் நியாயத்தை எனக்காக இவ்வளவு மரியாதையோடு சுமந்த மனிதர் வேறு எவருமில்லை, நானா. இப்போதும் செய்தியில் வளைகுடாக் கப்பல்களைக் காட்டும்போது, மொஸ்கோவுக்குப் பக்கத்தில் பீஜிங்கும் வந்து நிற்கும்போது, முதலில் எனக்குக் கேட்பது உங்கள் பக்கம்தான். அதற்குப் பிறகுதான் என் பக்கம். ஆனாலும் என் முடிவை நான் மாற்றவில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

போன ஞாயிறு வாசகசாலைக் கூட்டத்துக்குப் போனேன். அன்றைய செயலாளர் இன்று தலைவர். உங்கள் படத்தை வாசகசாலைச் சுவரில் மாட்டப்போகிறார்களாம். தீர்மானத்தை மட்டும் தொடமாட்டார்களாம்.

"அண்ணை, படமே போடுறம். இனி என்ன வேணும்?" என்றார்.

"ஆள் உள்ள வரேலாது, படம் வரலாமோ?"

சபை சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது உங்கள் மகள். அதே சிரிப்பு. பிறகு எழுந்து, "மன்னியுங்கோ அங்கிள்" என்று தலைவரிடம் சொன்னாள். "வாப்பாவின்ர நல்ல படம் என்னட்டைத்தான் இருக்கு. தடை போகட்டும், தாறன்."

ஆகவே நடக்கவேண்டியது இதுதான். குழு, படத்துக்கு ஆணி அடிக்கும் முன்னர், தடையை நீக்கவேண்டும்; சத்தமில்லாமல் அல்ல, அன்று தடைசெய்த அதே அறையில், எல்லோரும் கேட்க. அதன் பிறகு உங்கள் மகள் படத்தைக் கொடுக்கவேண்டும், ஒரு நாள்கூட முந்தாமல். ஞாயிறு பின்னேரப் பேச்சு மறுபடி தொடங்கவேண்டும். முதல் பொருள் வளைகுடா. தேநீருக்கு முன்னால் தலைவர் தன் பக்கம் பேசட்டும், அந்தத் தீர்மானம் சரியென்றுகூடப் பேசட்டும், நான் குறுக்கிடமாட்டேன். தேநீருக்குப் பின்னால் அவரே எழுந்து உங்கள் பக்கத்தைப் பிழையில்லாமல் பேசவேண்டும். நான் கதிரையைக் கதவடியில் போட்டு உட்காருவேன். தேநீரோடு எவரும் எழுந்து போக விடமாட்டேன்.